இஞ்சினை அணைத்த பிறகும் ஓடும் விசிறி

2024 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை முடித்துவிட்டு, குளுகோரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் என் டீசல் காரை நிறுத்தினேன். இஞ்சினை அணைத்து, பின்னிருக்கையிலிருந்து காய்கறிப் பையை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் முன்பக்கத்தில் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ஏர்கோனுக்காக எப்போதும் ஓடும் மெல்லிய ஓசை அல்ல அது; கூரை தாழ்ந்த அந்த வாகனத் தளம் முழுவதும் எதிரொலிக்கும்படி இரைந்தது. பம்பருக்கு அருகில் குனிந்தபோது, இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் சற்று அதிக நேரம் வைத்துவிட்டால் எழும் வாடையைப் போன்ற ஒன்று முகத்தில் அடித்தது. முன்சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளியே வந்த காற்று அடுப்பின் முன் நிற்பதைப்போல் சுட்டது.

சத்தம் கேட்டு இறங்கி வந்த இரண்டாம் மாடி அண்ணன், "பேட்டரி இறங்கிடும்மா, வயரைக் கழட்டி விட்டுடுங்க" என்றார். முப்பது ஆண்டுகள் பட்டவொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டிய என் அப்பாவும் வந்து பார்த்தார். "இஞ்சினை அணைச்சா எல்லாமே அணையணும். எதுவோ ஒட்டிக்கிச்சு" என்றார். வயரைக் கழற்றும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஏழெட்டு நிமிடங்கள் கழித்து, விசிறி தானாகவே நின்றது. அன்று அந்தச் சாவி உடனே கிடைக்காமல் போனது நல்லதாயிற்று என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் முதல் பட்டறையில் வெப்ப உணரியையும் விசிறியை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயையும் மாற்றினார்கள். 420 ரிங்கிட் ஆனது. ஐந்தாம் நாள் விசிறி மீண்டும் அதேபோல் இரைந்தது. இரண்டாம் பட்டறையில் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு, காரின் கணினியில் அதை மறக்கச் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்றார்கள். மூன்றாவதாக, பட்டவொர்த்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஃபோர்மேனிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "நிறுத்துறதுக்கு முன்னால அது என்ன வேலை பாத்துக்கிட்டிருந்துச்சுன்னு கவனிச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஓராண்டுக்கும் மேலாகக் கவனித்து எழுதிவைத்ததைத்தான் இங்கே பகிர்கிறேன். பினாங்குத் தீவுக்குள்ளேயே டீசல் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பணத்தையும் தூக்கத்தையும் மிச்சப்படுத்தும் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த வடிகட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் டிபிஎஃப் என்று அழைக்கும் இந்தக் கரித்துகள் வடிகட்டி, புகை வெளியேறும் வழியில் ஓர் உலோக உறைக்குள் இருக்கும் பீங்கான் உருளை. அதன் உள்ளே நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் நெருங்கி நிற்கும். ஒரு குழாயின் முன்வாய் திறந்து பின்வாய் அடைபட்டிருக்கும். அதை ஒட்டிய குழாயில் இது தலைகீழாக இருக்கும். ஆகவே உள்ளே நுழைந்த புகை வேறு வழியில்லாமல் குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியாகவே பக்கத்துக் குழாய்க்குள் கசிந்து வெளியேற வேண்டும். வாயு வெளியேறிவிடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். கரித்துகளின் எடையில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் இப்படிப் பிடிபடுகிறது. பெருமளவில் விற்கப்பட்ட பயணிகள் காரில் இது முதன்முதலாக வந்தது 2000ஆம் ஆண்டில், பெஜோ 607இல். 2011ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பாவில் யூரோ 5 என்ற புகை மாசு விதி எல்லாப் புதிய கார்களுக்கும் வந்தபோது, இந்த வடிகட்டி இல்லாமல் டீசல் கார் விற்பது அங்கே நடைமுறையில் இயலாததாயிற்று.

பிடித்து வைத்த கரியை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் இன்னமும் காப்பிக்குப் பித்தளை ஃபில்டர்தான். டிகாக்‌ஷன் இறங்க மறுக்கும் நாளில் அம்மா அதன் மேல்பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து, துளைகள் உள்ள அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் காட்டுவார். துளைகளில் அடைத்திருந்த காப்பித்தூள் கனன்று எரிந்து, தட்டினால் சாம்பலாக உதிரும். பிறகு தடையில்லாமல் இறங்கும். காரும் இதையேதான் செய்கிறது. இடுக்கி இல்லை, அடுப்பு வண்டிக்குள்ளேயே இருக்கிறது, சாம்பலைத் தட்டிக் கொட்டத்தான் வழியில்லை. இந்தச் சாம்பலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஜெலுத்தோங் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் டீசல் காரின் புகையோ 150 முதல் 250 டிகிரிக்குள்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் சுமையோடு நீண்டநேரம் ஓடும்போது 250 முதல் 400 டிகிரி வரை ஏறினால், புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு கரியைச் சிறிது சிறிதாக அரித்துவிடும்; இது நாம் அறியாமலே நடப்பது. தீவுக்குள் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகவே கரி ஓர் அளவைத் தாண்டியதும் காரின் கணினி தானே ஓர் எரிப்பைத் தொடங்குகிறது. ரீஜெனரேஷன் என்பது இதற்குத்தான் பெயர். பிஸ்டன் எரிசக்தியை வாங்கிக்கொண்டு கீழிறங்கும் கட்டத்தில், வழக்கமான பீச்சலுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் டீசலைக் கணினி பீச்சச் சொல்லும். அந்த டீசல் சிலிண்டருக்குள் எரிவதற்கன்று. ஆவியாகிப் புகையோடு வெளியேறி, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் பிளாட்டினம் பூசிய வினையூக்கியில் பட்டு அங்கே எரிவதற்காக. அந்த வெப்பம் வடிகட்டியை 550 முதல் 650 டிகிரி வரை ஏற்றி, கரியைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் பத்து முதல் இருபது நிமிடங்களில் முடிந்துவிடும்.

தொடங்கும் நேரத்தைக் கணினி இரண்டு வழிகளில் முடிவு செய்கிறது. வடிகட்டியின் முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய குழாய்கள் ஓர் அழுத்த உணரிக்குப் போகின்றன. அடைப்பு மிகுந்தால் இரு பக்க அழுத்தங்களுக்கும் இடையிலான வேறுபாடு மிகும். அதோடு, எவ்வளவு டீசல் செலவானது, எந்த வெப்பத்தில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதிலிருந்து கரியின் எடையைக் கணினி கணக்கிட்டும் வைத்திருக்கும். காரின் கணினியிலுள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி ஒன்றைத் தம்பி வாங்கித் தந்தான்; அதைக் கைப்பேசியோடு இணைத்தபோது அந்தக் கணக்கு கிராமில் எனக்குத் தெரிந்தது. என் காரில் 24 கிராமைத் தொட்டதும் எரிப்பு தொடங்குகிறது. 3 கிராமுக்கு வந்ததும் நிற்கிறது. உங்கள் காரில் எண்கள் வேறாக இருக்கலாம். ஏறி இறங்கும் முறை ஒன்றுதான்.

என் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. குளுகோருக்கும் பாயான் லெப்பாஸுக்கும் இடையே ஒன்பது கிலோமீட்டரை மட்டும் ஓட்டிய வாரங்களில் 200 முதல் 250 கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிப்பு தொடங்கியது. தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பக்கத்து மாநிலங்களான கெடாவுக்கோ பேராவுக்கோ போய்வந்த வாரங்களில் அது 450 கிலோமீட்டர் வரை தள்ளிப்போனது. ஒன்பது கிலோமீட்டர் என்பது தூரத்தில் சிறிதாக இருந்தாலும் காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாகும். அதில் முதல் பத்து நிமிடம் இஞ்சின் சூடாகவே போய்விடும். இஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை எரிப்பு தொடங்காது. சூடாகித் தொடங்கும்போது நான் தொழிற்சாலை வாசலில் இருப்பேன். அணைத்துவிடுவேன். மாலையில் மறுபடியும் இதே கதை. அந்தச் செவ்வாய்க்கிழமை இரவும் இப்படித்தான், பாதி எரிந்துகொண்டிருந்த அடுப்பை நான் மூடியிருக்கிறேன்.

இப்போது விசிறி. எரிப்பு நடக்கும்போது வடிகட்டியின் உறை தணல்போல் இருக்கும். என் காரைப் போன்ற பிற்காலத்து வண்டிகளில் வடிகட்டியை இஞ்சினுக்கு மிக அருகிலேயே, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை ஒட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். புகையின் வெப்பம் வழியில் வீணாகக் கூடாது என்பது அதற்குக் காரணம். அதனால் ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் மூடிகளும் மின்கம்பிகளும் அந்தத் தணலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றதும் காற்று நின்றுவிடுகிறது. அப்போது அந்தக் காற்றின் வேலையை விசிறி எடுத்துக்கொள்கிறது. ரேடியேட்டர் நீரின் வெப்பம் 90 டிகிரியில் அமைதியாக இருந்தாலும், கணினி விசிறியை வேகமாகச் சுழலச் சொல்வது இதனால்தான். சில கார்களில் இன்னொரு காரணமும் சேரும்: விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி போன்றவற்றை வேண்டுமென்றே இயக்கி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூட்டினால், இஞ்சின் இன்னும் சற்று உழைக்கும்; உழைத்தால் புகை இன்னும் சூடாகும்.

பாதியில் அணைத்தால் என்ன ஆகும்? புகை ஓட்டம் நின்றுவிடும். அதுவரை உள்ளே சேர்ந்த வெப்பம் எங்கும் போக வழியில்லாமல் சுற்றியுள்ள பாகங்களில் ஊறும். ஆகவேதான் விசிறி சில நிமிடங்கள் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிவிட்டு நிற்கிறது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சில நிமிடங்களை அது தாங்கும். அந்த நேரத்தில் பேட்டரி வயரைக் கழற்றுவதுதான் தவறு. விசிறி நின்றுவிடும், வெப்பம் நிற்காது.

இதைவிட ஆபத்தான நேரம் ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. வடிகட்டியில் கரி மிக அதிகமாகச் சேர்ந்து, எரிப்பும் முழுவேகத்தில் நடக்கும்போது வண்டி திடீரென்று ஓட்டத்திலிருந்து நின்று, நகராமல் இஞ்சின் மட்டும் ஓடும் ஐடில் நிலையில் இருந்தால், புகையின் அளவு சட்டென்று குறையும். அதிலுள்ள ஆக்சிஜனின் பங்கோ கூடும். தணலுக்கு ஊதுகுழல் வைத்தாற்போல் கரி வேகமாகப் பற்றும்; பிறந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோகப் போதிய ஓட்டம் இருக்காது. பீங்கானின் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல் ஏறி விரிசல் விடுவது இப்படித்தான். கரியைச் சேரவிடாமல் ஒவ்வோர் எரிப்பையும் அதனதன் நேரத்தில் முடிய விட்டுவிட்டால் இந்த நிலையே வராது.

நம் ஊரில் ஒரு சிக்கல். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில் "விசிறி ஓடினால் எரிப்பு நடக்கிறது என்று கொள்ளுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பினாங்கு வெயிலில் ஏர்கோன் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? ஏர்கோன் ஓடினால் அதன் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்காக விசிறி எப்போதும் ஓடத்தானே செய்யும். ஆகவே விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால், நின்ற இடத்தில் ஏர்கோனை அணைத்துவிட்டு அரை நிமிடம் காத்திருப்பேன். விசிறி அடங்கினால் அது ஏர்கோனுக்காக ஓடியது. அடங்காமல் இரைந்துகொண்டே இருந்தால், டேஷ்போர்டில் மற்ற அடையாளங்களைப் பார்ப்பேன். என் காரில் ஐடிலில் 800ஆக இருக்கும், இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று எண்ணிக்கை 1,000க்கு ஏறியிருக்கும். சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது. அந்தக் கணத்து எரிபொருள் செலவைக் காட்டும் எண் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும். இஞ்சின் ஓசையில் ஒரு கரகரப்பு கூடியிருக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் எனக்குப் போதும். வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் நீரின் வெப்பம் 75இலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

விசிறியில் உண்மையான பழுது வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த வண்டியைக் காலையில் உயிர்ப்பித்த முதல் நிமிடத்திலேயே, ஏர்கோன் அணைந்திருக்கும்போதும் விசிறி முழுவேகத்தில் ஓடினால், அது எரிப்பாக இருக்க முடியாது. வெப்ப உணரியிலிருந்து சரியான தகவல் வராதபோது, பாதுகாப்புக்காகக் கணினி விசிறியை முழுவேகத்தில் ஓட்டும். அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா சொன்னது இந்த இடத்தில் சரி. கால்மணி நேரம் ஆகியும் விசிறி நிற்காவிட்டாலும், ரேடியேட்டர் நீர் குறைந்திருந்தாலும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முதல் பட்டறையில் என்னிடம் "காலையில் குளிர்ந்த நிலையில் ஓடுகிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த 420 ரிங்கிட் என் பையிலேயே இருந்திருக்கும்.

2025 தைப்பூசத்தின்போது இதையெல்லாம் அறிந்த பிறகும் நான் தவறினேன். எங்கள் உறவினர்கள் சேர்ந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். அந்த வாரம் முழுவதும் ஏழு இருக்கை கொண்ட என் கார்தான் சரக்கு வண்டி. லிட்டல் இந்தியாவில் மளிகை, சௌராஸ்தா சந்தையில் காய்கறி, பந்தலுக்கு ஐஸ் பெட்டிகள், அத்தையை ஏற்றி இறக்குவது என்று ஒரு நாளைக்குப் பத்து முறை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம். ஒருமுறைகூட இஞ்சின் முழுமையாகச் சூடாகியிருக்காது. போதாததற்கு, எரிபொருள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 2024 ஜூன் 10 அன்று மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய பிறகு முப்பது முப்பது ரிங்கிட்டாக ஊற்றும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. டாங்கியில் டீசல் அடிமட்டத்தில் இருந்தால் பல கார்கள் எரிப்பைத் தொடங்கவே தொடங்கா என்பதை நான் மறந்துபோனேன். தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை மஞ்சள் நிறத்தில் வடிகட்டியின் விளக்கு எரிந்தது. கருவியில் பார்த்தால் 33 கிராம்.

மஞ்சள் விளக்கு என்பது இன்னும் நம் கையில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுவை குறைந்த பிறகு என்றால் பட்டறையில் கணினி வைத்துத்தான் எரிக்க வேண்டியிருக்கும், அதுவும் கரி ஓர் எல்லைக்குள் இருந்தால் மட்டும். டாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பிக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். பாலத்தில் 80க்கு மேல் போகக் கூடாது. ஆனால் அந்த 13 கிலோமீட்டரும் நிற்காமல் ஓடியதிலேயே இஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. அக்கரையில் பிறை என்னும் ஊரில் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே திரும்பி, சுங்கை டுவா சாவடியைத் தாண்டி, கியரை ஒரு படி குறைத்து 2,200 சுற்றில் நிறுத்தி, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். பெர்தாமுக்கு முன்பே எரிப்பு தொடங்கிவிட்டது. அப்பா கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு எண்களைப் படித்துவந்தார்: புகையின் வெப்பம் 380, 510, 590, 630; கரி 33, 29, 22, 14. சுங்கை பட்டாணிக்குச் சற்று முன்னால் "மூணு" என்றார். வெப்பம் இறங்கத் தொடங்கியது. அதன்பிறகும் ஐந்து நிமிடம் அதே வேகத்தில் ஓட்டி, வடிகட்டி ஆறிய பிறகே வெளியேறினேன். அங்கே ஒரு கடையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது விசிறி ஓடவில்லை. பானட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வேலை முடிஞ்சிருச்சு, அதான் பேசாம இருக்கு" என்றார் அப்பா.

பாதியில் நிற்கும் எரிப்புகள் இன்னோர் இடத்திலும் கணக்கை விட்டுப்போகின்றன: இஞ்சின் எண்ணெயில். பிஸ்டன் இறங்கும் நேரத்தில் பீச்சப்படும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறது. எரிப்பு மீண்டும் மீண்டும் தொடங்கித் தொடங்கி நின்றால் மீண்டும் மீண்டும் டீசல் இறங்கும். முதலாண்டில் ஒரு ஞாயிறு காலை அளவுகோலை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் மேல்கோட்டுக்கு ஒரு நகத்தளவு மேலே நின்றது. எண்ணெய் குறைவதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கூடுவதை அன்றுதான் பார்த்தேன். விரலில் தேய்த்தால் வழக்கமான வழவழப்பு இல்லை. முகர்ந்தால் டீசல் வாடை. நீர்த்துப்போன எண்ணெய் டர்போவின் தாங்கிகளைத் தேய்த்துவிடும். அன்றிலிருந்து 10,000 கிலோமீட்டர் என்ற கையேட்டின் கணக்கை விட்டுவிட்டு 7,000க்கே மாற்றுகிறேன். நம் நாட்டு டீசலில் கலந்திருக்கும் பனை எண்ணெய் பயோடீசலுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் கொதிநிலை சாதாரண டீசலைவிட உயர்வு. எண்ணெய்க்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் ஆவியாகி எளிதில் வெளியேறாது. பத்து விழுக்காடு கலந்த பி10ஐ விட்டுவிட்டு, லிட்டருக்கு 20 சென் கூடக் கொடுத்து, ஏழு விழுக்காடு கலந்த பி7 டீசலை நான் ஊற்றுவதற்கு இதுதான் காரணம். கந்தகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் யூரோ 5 டீசல் வந்துவிட்டது, பத்து இலட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் அதில் கந்தகம் இருக்காது. முன்பு இருந்த யூரோ 2எம் டீசலில் இந்த அளவு 500 ஆக இருந்தது.

எண்ணெய் என்றதும் அம்மாவின் ஃபில்டரிலிருந்து உதிரும் சாம்பல் நினைவுக்கு வருகிறது. கரி எரிந்து வாயுவாகிவிடும். ஆனால் இஞ்சின் எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சாம்பல் எத்தனை முறை எரித்தாலும் போகாது. குழாய்களின் அடியில் கெட்டியாகப் படிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் குறைக்க ஒரே வழி சாம்பல் குறைந்த எண்ணெய்தான். போத்தலின் பின்பக்கத்தில் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தைக் குறிக்கும் ஏசிஇஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சி2, சி3 என்று சி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையேடு எந்த எண்ணைக் கேட்கிறதோ அதையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று லாரிக்கான எண்ணெயை ஊற்றினால் இன்று மிச்சமாகும் ஐம்பது ரிங்கிட் வடிகட்டிக்குள் சாம்பலாகப் படியும். ஒழுங்காக வைத்திருந்தாலும் ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் கிலோமீட்டரில் வடிகட்டியைக் கழற்றி, உலையில் சூடேற்றி, காற்றால் ஊதிச் சாம்பலை வெளியேற்ற வேண்டிவரும்.

வெட்டி எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு நான் ஏன் இணங்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவருடைய சட்டைக் காலரைத்தான் அம்மா முதலில் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். உள்பக்கம் கறுத்திருக்கும்; அது அழுக்கல்ல, புகைக்கரி. அப்போது பிறையில் நாங்கள் இருந்த வீட்டில் சாலையைப் பார்த்த சன்னல் கண்ணாடிப் பட்டைகளை வாரம் இருமுறை துடைத்தாலும் துணி கறுப்பாகவே வரும். அப்பாவின் இருமல் அவர் ஓய்வுபெற்று எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் விடியற்காலையில் எங்கள் எல்லோரையும் எழுப்புகிறது. அது எதனால் என்று மருத்துவர் யாரும் என்னிடம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் 2012 ஜூன் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. என் காரின் புகைக்குழாய் முனைக்குள் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்து அப்பாவிடம் காட்டினேன். இலேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாகனத் தளத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்தக் கரி வடிகட்டிக்குள்ளேயே எரிந்து தீரட்டும்.

இப்போது என் வழக்கம் மிகச் சிறியது. வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து நேராக வீட்டுக்குத் திரும்பாமல், பத்து மணிக்கு மேல் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை காலியான பிறகு பத்து மாவுங் என்னும் ஊர் வரை போய்த் திரும்புகிறேன். மாதத்தில் ஒரு முறையாவது நெடுஞ்சாலை. டாங்கி கால்பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய் அளவுகோல். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு விசிறி இரைவது கேட்டால், அணைக்காமல் அப்படியே திரும்பிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை இரவும் அப்படித்தான். நிறுத்துமிடத்தில் திரும்பும்போது இரைச்சல் கேட்டது. ஏர்கோனை அணைத்தும் அடங்கவில்லை. சுற்று எண்ணிக்கை 1,000. அம்மாவுக்குப் போன் செய்து சோற்றை மூடிவைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து, பத்து மாவுங்கிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது சுற்று 800க்கு இறங்கியது. அடுத்த சிக்னலில் இஞ்சின் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கீழ்த்தளத்தில் நிறுத்தி அணைத்தேன். உலோகம் ஆறும் டிக் டிக் ஓசை மட்டும் சற்றுநேரம் கேட்டது. இரண்டாம் மாடி அண்ணன் மோட்டார் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்குச் சத்தமே இல்லையே, சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். அவருடைய மருமகனும் போன மாதம்தான் ஒரு பழைய டீசல் காரை வாங்கியிருக்கிறாராம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பானட்டின்மேல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து அவருக்குக் காட்டத் தொடங்கினேன்.